எங்கள் பட்டறையில் இளைத்த நாவல்

மண்ணூர்பேட்டையில் தொழிற்பேட்டை எஸ்டேட்டு வேலிக்கு வெளியே, முள்செடி மண்டிக்கிடந்த பொட்டலில் முதல் தகரக் கொட்டகை போட்டவன் நான். வேலிக்கு உள்ளே பெரிய கம்பெனிகள் சிமெண்டு ரோடும் பூச்செடியுமாக உட்கார்ந்திருந்தன. நான் இரும்பு கடைகிற ஒரு பழைய லேத்து மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றி, சக்கரம் சேற்றில் புதையப் புதையத் தள்ளிக்கொண்டு வந்து இறக்கினேன். குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. அந்த ஒரு மெஷினை ஒரு வரிசை மெஷினாக ஆக்கினேன். நூம்பலில் மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் மனை வாங்கியபோது பைத்தியக்காரன் என்றார்கள். லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டினேன். இன்றைக்குப் பெருமழை வந்தால், அப்படிச் சொன்ன சொந்தக்காரர்களே பாயைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டு மாடிக்குத்தான் வருகிறார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்டுக் கம்பம் வந்தது என்னால். என் தங்கைகள் கழுத்தில் தாலி ஏறியது என் உழைப்பால். என்னிடம் எண்ணெய் துடைக்க வந்தவர்கள் இன்று தனித்தனியாகப் பட்டறை வைத்திருக்கிறார்கள். பார்த்தால் கும்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லும். ஊருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் ஒரு நாவலும் செய்திருக்கிறேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். இருக்கிறேன்.

எழுதியவர் வேறு ஒருவர்தான். அதை நான் மறைக்கவில்லை. அவர் பெயரை இங்கே எழுதப்போவதும் இல்லை, அவருடைய பெண் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவர் எஸ்டேட்டுக்குள் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள் என்று குறிக்கிற வேலை. என் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறையில் ஒண்டியாகக் குடியிருந்தார். ஒல்லியான ஆள். வெயில் இல்லாவிட்டாலும் குடை. சட்டைப் பையில் எப்போதும் மசிக்கறை. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘வர்ணனை’. அவர் எதிரில் ‘சார்’ என்போம், அந்தப் பக்கம் போனதும் வர்ணனை.

பெயர் வந்த காரணத்தைச் சொல்கிறேன். அந்த மனுஷனுக்கு எதையும் ஒரு வார்த்தையில் சொல்ல வராது. டீக்கடைக்குப் போவார். “நேத்து சாயங்காலம், மழைக்கு முன்னாடி வானம் ஒரு மாதிரி செவந்து கெடந்துதே, அந்த நிறத்துல, நாக்குல பட்டதும் லேசா ஒரு துவர்ப்பு வந்து, அது போறதுக்குள்ள இனிப்பு வர்ற மாதிரி...” என்று ஆரம்பிப்பார்.

“ஸ்ட்ராங்கா லைட்டா, அத்த சொல்லு சார். பின்னாடி ஆளுங்க நின்னுகினு கீறாங்கோ பாரு,” என்பார் கடைக்காரர்.

எஸ்டேட்டுத் தொழிலாளிகள் லீவு லெட்டர் எழுதிக்கொள்ள அவரிடம்தான் வருவார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் ஒருமுறை நடந்ததை இன்றைக்குச் சொன்னாலும் மண்ணூர்பேட்டையில் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். ஏகாம்பரம் என்று ஒருவன், பிற்பாடு என்னிடமே வேலைக்கு வந்தான். அப்போது அவர் கம்பெனியில் இருந்தான். அவன் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு நாள் லீவு வேண்டும். வர்ணனை எழுதிக் கொடுத்தார்: ‘என் அன்னை என்னும் ஆலமரம், வேர்கள் நடுங்க, விழுதுகள் வாட, ஒவ்வோர் இலையாய் உதிர்ந்துகொண்டிருக்கும் இவ்வேளையில், அதன் நிழலில் வளர்ந்த சிறுகொடியாகிய யான்...’ இப்படி ஒரு முழுப் பக்கம். கடைசிவரைக்கும் வயிறு என்ற வார்த்தையே இல்லை.

மறுநாள் காலை கம்பெனி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து ஏகாம்பரம் வீட்டு வாசலில் இறங்கினார், கையில் பெரிய ரோஜா மாலையோடு. கூடவே நாலு பேர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. ஏகாம்பரத்தின் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாருப்பா நீங்கோ? யாருக்கு மாலை?” என்றாள்.

அதிகாரி புத்திசாலி. ஒரு நொடி முழித்தார். “உங்களுக்குத்தாம்மா. நல்ல புள்ளையப் பெத்திருக்கீங்க,” என்று சொல்லி மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தம்மா சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஏகாம்பரம் மட்டும் வர்ணனையைப் பார்க்கிறபோதெல்லாம், “சார், எங்கம்மாவுக்கு மறுபடியும் வயிறு சரியில்ல, எழுதிக் குடுத்துடாத சார், இந்தத் தபா பாடையே வந்துடும்,” என்பான்.

அப்போது அவரும் சிரிப்பார். ஆனால் சிரிக்கிறபோதும் கண் எங்கேயோ இருக்கும்.

அவர் நாவல் எழுதுகிறார் என்பது எங்களுக்குக் கரண்டு வெட்டுக் காலத்தில்தான் தெரிந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டறை நடத்தியவனைக் கேளுங்கள், அழுவான். கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வெயில் உச்சியில் இருக்கும்போது மெஷின் எல்லாம் ஒரே மூச்சில் நின்றுபோகும். கூலிக்கு வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது, கரண்டு வந்தால் உடனே ஓட்ட வேண்டும். ஆகவே எல்லோரும் தகரக் கொட்டகையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் கம்பெனியிலும் அதே கதைதான். குடையைப் பிடித்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிடுவார். ஒரு நாள் அக்குளில் ஒரு காகிதக் கட்டோடு வந்தார்.

“சும்மாதானே இருக்கீங்க, மொதலாளி. கொஞ்சம் படிக்கவா?”

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் வந்தது. கரண்டு போனால் நாவல். கரண்டு வந்தால் வேலை. வாக்கியத்துக்கு நடுவில் வந்தாலும் அவர் அப்படியே நிறுத்தி, காகிதத்தை மடித்துவிடுவார்.

கதை என்னவென்றால், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி காலையில் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறாள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவள் புறப்படவே இல்லை. முதல் கரண்டு வெட்டு முழுக்க விடிந்தது. இரண்டாவது வெட்டிலும் விடிந்துகொண்டே இருந்தது. ‘கீழ்வானம் என்னும் பொற்கொல்லன், இரவென்னும் இரும்பைத் தன் உலையில் இட்டுப் பழுக்கக் காய்ச்சி...’ என்று அவர் குரலை ஏற்றி இறக்கிப் படித்தார்.

காதர் பாய் கையைத் தூக்கினார். பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வருகிறவர், என் பட்டறையில் மூத்த கை. “சார், ஒரு டவுட்டு. பொற்கொல்லன் இன்னாத்துக்கு சார் இரும்பக் காச்சுறான்? அவனுக்கு அதுல இன்னா கீது?”

கொட்டகையே சிரித்தது. வர்ணனை யோசித்தார். மறுநாள் திருத்திக்கொண்டு வந்தார். பொற்கொல்லன் போகவில்லை. அவனோடு கூட ஒரு கருமானும் வந்திருந்தான்.

அப்படித்தான் அந்த நாவல் வளர்ந்தது. நாங்கள் எதைக் கேலி செய்தாலும் அதை எடுக்க மாட்டார், அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைப்பார். அவள் கோலம் போட ஒரு வாரம். தலை வார ஒரு வாரம். வேலைக்கு வருகிறபோதே ஏகாம்பரம் கேட்பான்: “இன்னா சார், அந்தம்மா இன்னும் படி எறங்கலியா? மாசமா கீற பொம்பளைய எத்தினி நாளு நிக்க வெப்ப? புள்ள உள்ளயே மீச மொளைச்சுடப் போவுது.”

“எறங்குவா, எறங்குவா. அவசரப்படாதீங்க.”

கேலி பேசினோமே தவிர, ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் அவள் செருப்புப் போடுகிற இடத்தைப் படித்தார். கால் வீங்கியிருக்கிறது, அவள் செருப்பு ஏறவில்லை. புருஷன் செருப்பைப் போட்டுக்கொண்டு சளக் சளக் என்று நாலடி நடந்து பார்த்து, திரும்பிச் சிரிக்கிறாள். அதில் பொற்கொல்லனும் இல்லை, ஆலமரமும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்துவிட்டது. விளக்கு எரிகிறது. ஒருவனும் எழுந்திருக்கவில்லை. காதர் பாய் வீட்டிலும் அப்போது மாசம். அவர் தரையையே பார்த்துக்கொண்டு, “படி சார்,” என்றார். நான் முதலாளி, நான்தான் கத்தி எழுப்பினேன். எனக்கும் கேட்க ஆசைதான். ஆனால் ஆர்டர் நிற்கிறதே.

கட்டு பெருத்துக்கொண்டே போய் ஒரு மூட்டை ஆனது. அதைப் பழைய வேட்டியில் கட்டிப் பட்டணத்தில் ஒரு பதிப்பகத்துக்குக் கொண்டுபோனார். அவர்கள் படித்துப் பார்த்தார்கள், அதுவே பெரிய விஷயம். கதை நல்ல கதை, மூன்றில் ஒரு பங்காக வெட்டி, முடிவையும் எழுதிக் கொண்டுவந்தால் பொங்கல் கழிந்ததும் போடுகிறோம் என்றார்களாம். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வெட்டுவதற்காகக் கம்பெனியில் லீவு போட்டார். லீவு முடிந்து வந்தபோது மூட்டை இன்னும் கனத்திருந்தது.

“இன்னா சார் இது? வெட்டச் சொன்னாங்கன்னு சொன்ன?”

“வெட்டத்தான் ஒக்காந்தேன், மொதலாளி. காதுத் தோடுன்னு ஒரு எடம். எடுத்துடலாம்னு பாத்தேன். எடுத்தா அந்தக் காதே போயிடுது.”

“போனா போவுது. கதைக்குக் காது இன்னாத்துக்கு?”

அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். அவருடைய சம்சாரம் பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தை பூந்தமல்லியில் பெரியம்மா வீட்டில் வளர்கிறது என்பது எனக்கு மேலோட்டமாகத் தெரியும். நாவல் அந்தச் சம்சாரத்தைப் பற்றியதுதான் என்று அன்றைக்குத்தான் சொன்னார். பெண்ணுக்கு அம்மா முகம் தெரியாது. ஒரு போட்டோ கூடக் கிடையாது. கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள், யார் எடுப்பது? பெரியம்மா வீட்டில் அம்மா பேச்சையே எடுக்க மாட்டார்கள், எடுத்தால் இவரைத் திட்டுவதில்தான் முடியும். அவர்கள் கணக்கில் அவளைக் கவனிக்காமல் விட்டவர் இவர். நல்ல நாள் பெரிய நாளில் போனால் அந்தப் பெண் “வாங்க, ஒக்காருங்க” என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடும், விருந்தாளிக்குச் செய்கிற மாதிரி.

“என் கையெழுத்துல குடுத்தா அடுப்புல போட்டுடுவாங்க, மொதலாளி. புத்தகமா அச்சுல வந்தா வெப்பாங்க. அவ படிப்பா. அவங்கம்மா எப்படி இருந்தான்னு அதுலதான் அவ தெரிஞ்சுக்கணும். நான் எதை வெட்ட?”

எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் ஒரு வேலை நின்றுபோனால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்காமல் தூங்க மாட்டேன். இந்த மனுஷன் விடியற்காலையையே சுற்றிச் சுற்றி வருகிறார், அந்தப் பெண்பிள்ளையை வீட்டைவிட்டுக் கிளப்ப மாட்டேன் என்கிறார், முடிவு எழுத உட்கார்ந்தால் தோடு எழுதுகிறார். அவருக்கு மேலே போகப் பயம். எதற்குப் பயம் என்று தெரியவில்லை. அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் கரண்டு முழு நாளும் இருந்தது. எல்லா மெஷினும் ஓடுகிறது. அவசர ஆர்டர். அவர் அன்றைக்கு லீவு போட்டிருந்தார், மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். படிக்கட்டுமா என்கிறார், அது கூடக் காதில் விழவில்லை, உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு வந்ததே ஒரு யோசனை. இதைத்தான் என் யோசனை, என் யோசனை என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“பேப்பர அந்தாண்ட வை சார்! பட்ச்சது போதும்! கத்திச் சொல்லு, வேலை செஞ்சுகினே கேக்கறோம்!”

“என்ன சொல்ல?”

“கதைய சொல்லு! எல்லாருக்கும் கேக்கற மாதிரி!”

லேத்துகள் ஓடுகிற தகரக் கொட்டகையில் நின்று பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே பொற்கொல்லன் எடுபட மாட்டான். அவர் ஏதோ ஆரம்பித்தார்.

“கேக்கல சார்!” என்றான் ஏகாம்பரம்.

கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்: “அவ காலையில எழுந்தா!”

“ஆங்! அப்பறம்?”

“வலி வந்துடுச்சு!”

“அப்பறம்?”

“ஜட்கா வந்துது!”

“ஏறினாளா?” இதைக் கேட்டது காதர் பாய்.

“ஏறினா!”

கொட்டகையில் ஒரே ஆர்ப்பாட்டம். ஏகாம்பரம் விசில் அடித்தான். ஒரு கோடை முழுக்க வாசல்படியில் நின்றிருந்தவள் வண்டி ஏறிவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மேலே கத்தினார்.

“ரயில்வே கேட்டு மூடி இருந்துது! ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்!”

“அப்பறம்?”

“கூட்ஸ் வண்டி வந்து நின்னுடுச்சு! போகல!”

“அய்யே! அப்பறம்?”

“நான் எறங்கி ஓடினேன்! கேட்டுக்காரன் கிட்ட!”

அதுவரைக்கும் ‘அவள் கணவன்’ என்றுதான் படித்துக்கொண்டிருந்தார். நான் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினேன். ஏகாம்பரத்துக்கு அது உறைக்கவில்லை. “அப்பறம் இன்னா ஆச்சு சார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

“அவன்கிட்ட கெஞ்சினேன்! கால்ல விழுந்தேன்! அவன் என்ன பண்ணுவான்! திரும்பி வந்தேன்! வண்டியச் சுத்திப் பொம்பளைங்க! கொழந்தை அழுவுது!”

காதர் பாய் தன் மெஷினை நிறுத்தினார். நான் என்னுடையதை நிறுத்தினேன். ஒவ்வொன்றாக நின்றது. அவருக்கு அது தெரியவில்லை. காதில் இன்னும் சத்தம் ஓடிக்கொண்டிருந்ததோ என்னவோ, நிசப்தமாகிவிட்ட கொட்டகையில் அதே குரலில், தொண்டை கிழிய, “அவ போயிட்டா! நான் பக்கத்துல இல்ல!” என்று கத்தினார்.

பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். காதர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு போய், தன் டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

மறுநாளே அவர் எழுத ஆரம்பித்தார். வீட்டில் இல்லை, என் பட்டறையில். ஷிப்டு முடிந்ததும் வந்து, சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். மெஷின் ஓடினால்தான் எழுதுவார். எழுதினதைக் கத்துவார். எங்களுக்குக் காதில் விழுந்தது நிற்கும், விழாதது போகும். அதுதான் சட்டம், நான் போட்டது. “அந்த வாக்கியம் கேக்கல சார், தூக்கிடு,” என்பார் காதர் பாய். “இது கேட்டுது. இது சோக்கா கேட்டுது, வெச்சுக்கோ,” என்பான் ஏகாம்பரம். உவமை எல்லாம் சாணைக்கல் சத்தத்தில் அடித்துக்கொண்டு போனது. ரயில்வே கேட்டு நின்றது. கூட்ஸ் வண்டி நின்றது. அழுகிற குழந்தை நின்றது.

பொங்கல் கழிந்து புத்தகம் வந்தது. சின்னப் புத்தகம், ரயிலில் சென்ட்ரல் போவதற்குள் படித்துவிடலாம். பதிப்பகத்தார் ஏற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கே, இனி எதற்கு என்று அந்த மூட்டையை வெந்நீர் அடுப்பில் ஒவ்வொரு கட்டாகப் போட்டு எரித்து, அந்தத் தண்ணீரில் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு எங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தந்தார்.

புத்தகத்தின் முன்னுரையில் கல்லூரி வாத்தியார் ஒருவருக்கு நன்றி போட்டிருந்தது. படியைச் செப்பம் செய்து உதவினாராம். அவர் அங்கங்கே புள்ளி வைத்ததைத் தவிர வேறு என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. எங்களைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஏகாம்பரத்தைக் கூட வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து, அட்டை முதல் அட்டை வரை தேடினேன்.

“நான் எழுதித்தான் குடுத்தேன், மொதலாளி. எடம் பத்தலைன்னு எடுத்துட்டாங்க. அடுத்த பதிப்புல கண்டிப்பா,” என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. விட்டுவிட்டேன்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார். அவர் சொன்னபடியே அச்சுப் புத்தகத்தை அவர்கள் அடுப்பில் போடவில்லை. பெண் அன்று சாயங்காலத்துக்குள் படித்து முடித்துவிட்டதாம். பெரியம்மாவும் படித்தாளாம், படித்துவிட்டு இவருக்குச் சோறு போட்டாளாம், அந்த வீட்டில் முதல்முறையாக. இதையெல்லாம் சந்தோஷமாகத்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னபோது முகம் செத்துக் கிடந்தது.

“பொண்ணு ஒண்ணு கேட்டா, மொதலாளி. ‘அம்மா எப்படிச் செத்தாங்கன்னு தெரியுது. அம்மா எப்படி இருந்தாங்கன்னு தெரியலையேப்பா’ன்னு.”

அப்பா என்று அவள் கூப்பிட்டதே அன்றைக்குத்தான். அதைக் கூட அவரால் கொண்டாட முடியவில்லை.

திரும்ப எழுதிவிடுகிறேன் என்று உட்கார்ந்தார். அவர் கை தெரியுமே, ஒரு மாதத்தில் மூட்டை கட்டிவிடுவார் என்று நான் நினைத்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. ‘அவள் தலை வாரினாள்’ என்று எழுதுவாராம். அதோடு நின்றுவிடுமாம்.

“கத்தறதுக்கு எழுதி எழுதி, மெதுவா சொல்ற கை போயிடுச்சு. கண்ணுக்கு முன்னாடி நிக்கிறா. ஆனா பேனாவுல வர்றது எல்லாம் கட்டையா வருது.”

“கரண்ட ஆப் பண்ணட்டுமா சார்?” என்று கேட்டேன். நிஜமாகவே மெயினை இறக்கிவிட்டேன். வேலை கிடக்கட்டும் என்று எல்லோரையும் சுற்றி உட்காரச் சொன்னேன். கொட்டகை அமைதியாக இருந்தது. அவர் வாயைத் திறந்தார். “அவ...” என்றார். குடையை எடுத்துக்கொண்டு, “மெஷினப் போடுங்க, மொதலாளி,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சே சுருங்கிவிட்டது. வந்தார், போனார் என்று தந்தி மாதிரி. அவரைக் கேலி செய்ய எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. லீவு லெட்டர் கேட்டுப் போனவர்களுக்கு இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தார். ஓரிரு வருஷத்தில் மஞ்சள் காமாலை வந்து, பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பதற்குள் முடிந்துபோனார். தூக்கியது நாங்கள்தான். கொள்ளிக்கு ஆள் இல்லை, நான் வைத்தேன். அதையும் இங்கே எழுதிக்கொள்கிறேன்.

காரியம் முடிந்து, அறையைக் காலி செய்ய பெரியம்மாவோடு அந்தப் பெண் வந்தது. தாவணி போட்ட வயசு. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, வேறு ஒன்றும் இல்லை. பெட்டியை ரிக்ஷாவில் ஏற்றிவிட்டுப் பெரியம்மா கூப்பிட்டாள். அது போகாமல் பட்டறை வாசலில் நின்றது.

“மாமா, அப்பா மொதல்ல எழுதினது பெருசா இருக்குமாமே. இங்கதான் படிப்பாராமே. அது உங்ககிட்ட இருக்குதா?”

எரித்துவிட்டார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். காதர் பாய் முந்திக்கொண்டார்.

“கீதும்மா. உள்ள வா. குந்து.”

மெஷின்களை நிறுத்தினோம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டோம். ஒரு கோடை முழுக்க எதைக் கேலி செய்து சிரித்தோமோ, அதை ஒருத்தரும் மறந்திருக்கவில்லை.

“உங்கம்மாவுக்கு முடி இங்க வரைக்கும் வரும்மா,” என்றான் ஏகாம்பரம். “எண்ண தேச்சா மூணு நாளு கனகாம்பரம் வெக்க மாட்டாங்கோ, தலை நோவும்.”

“கனகாம்பரம் இல்லடா, மல்லி,” என்றேன்.

“அட போ அண்ணாத்தே, மல்லி வெள்ளிக்கெழமைக்கு. நீ அன்னிக்கு பில்லு போட்டுகினு இருந்த, கேக்கல.”

“ரெண்டும் வெப்பாங்கம்மா,” என்றார் காதர் பாய். “கோலம் போட்டா ஒரு புள்ளிய வேணும்னே உட்டுட்டு, உங்கப்பாவக் கூப்ட்டு, எங்க உட்டுப்போச்சு சொல்லுன்னு கேப்பாங்க. அவரு ஒரு நாளும் கண்டுபுடிச்சது கெடையாது.”

“பாட்டு பாடுவாங்க, ஆனா மொத ரெண்டு வரிதான் தெரியும். அதையே திருப்பித் திருப்பி.”

“கோவம் வந்தா பேச மாட்டாங்க. பாத்திரம் பேசும்.”

“சிரிச்சா கையால வாயப் பொத்திக்குவாங்க. முன்பல்லு ஒண்ணு மேல ஏறிகினு இருக்கும், அதுக்கு வெக்கம்.”

அந்தப் பெண் அதுவரை ஒரு கையால் வாயைப் பொத்தியபடிதான் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கையை மெதுவாக எடுத்து, பார்த்தது. பெரியம்மா வாசலில் வந்து நின்றாள், ஆனால் கூப்பிடவில்லை, அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். ரிக்ஷாக்காரன் சலித்துப்போய்ப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டான். அன்று பட்டறையில் வேலை நடக்கவில்லை. எனக்கு அது பெரிதாகவும் படவில்லை.

அவள் கல்யாணம் ஆகும்வரை வருஷம் தவறாமல் வந்தாள். வருகிறபோதெல்லாம் ஒன்று புதிதாக ஞாபகம் வந்தது, யாராவது ஒருவருக்கு.

இப்போது அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சுப் போடுகிறார்கள் என்று கேள்வி. இடையில் அதற்கு நல்ல பெயர் வந்துவிட்டதாம். ஒரு சொல் மிகையில்லாத நடை, பிறவிச் சிக்கனம் என்று படித்தவர்கள் பேசுகிறார்களாம். பிறவிச் சிக்கனம்! அந்த மனுஷன் ஒரு டீ கேட்டதை இவர்கள் பார்த்ததில்லை. அந்தச் சிக்கனம் மண்ணூர்பேட்டையில் என் கொட்டகையில் வந்தது, என் மெஷின் சத்தத்தில் வந்தது. அது அவருக்கு அந்த ரயில்வே கேட்டைத் திறந்துவிட்டது. அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்று புத்தகத்தில் இல்லை. எனக்குத் தெரியும்.

காதர் பாய் போய்விட்டார். ஏகாம்பரமும் போன மழைக்குப் போய்விட்டான். எரிந்துபோன அந்த மூட்டையில் மிச்சம் இருப்பது இப்போது என் தலைக்குள் மட்டும்தான். ஆகவே பதிப்பகத்தாருக்குச் சொல்கிறேன், யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த முறை இடம் பத்தவில்லை என்று சொல்லாதீர்கள். அந்த வாத்தியார் பெயர் இருக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. அதற்கு மேலே எங்கள் மூன்று பேர் பெயரையும் போடுங்கள், லேத்துக்காரர்கள் என்றே போடுங்கள். இந்தப் புத்தகத்தை இளைக்க வைத்தவர்கள் இவர்கள், இளைத்ததில் போனதைக் காப்பாற்றி அந்தப் பெண் கையில் கொடுத்தவர்களும் இவர்கள் என்று தெளிவாகப் போடுங்கள். என் பெயரை முதலில் போடுங்கள். சின்ன எழுத்தில் வேண்டாம்.